பூசைத் தட்டில் இருந்த ரென்ச்

வேகத்துக்காக ஏற்றிய என்ஜினில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டான கனெக்டிங் ரொட் ஏன் உடைகிறது என்று கேட்டால் என் கராஜுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "பவர் கூடிப்போச்சு பாஸ்." மண்ணாங்கட்டி! பெட்ரோல் வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிற அழுத்தத்தை நல்ல ரொட் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அதைக் கொல்வது இழுப்பு. பிஸ்டன் உச்சிக்குப் பறந்து போய், அங்கே நின்று, திரும்ப வேண்டும். அதைப் பிடித்துக் கீழே இழுப்பது ரொட். என்ஜின் இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றினால் இழுப்பு நாலு மடங்காகும். அவ்வளவும் கடைசியில் வந்து விழுவது ரொட்டின் அடிமூடியைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டின் மேல். முறுக்கு குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் போல்ட் இழுபட்டு இழுபட்டுக் களைத்து, அறுந்துவிடும். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இதைப் பாடமாக எடுத்தவன் நான். அதனால்தான் இதைச் சொல்லக் கூசுகிறது.

என் மனைவியின் தம்பிக்குத் தெல்தோட்டையில் கடை. வேறு கார் வாங்கலாமென்று விலை கேட்டாலே நெஞ்சு வலிக்கிற காலம். இருந்த பழைய ஜப்பான் காரையே வேகம் ஏற்றித் தரச் சொல்லி என்னிடம் விட்டான். கேம் ஷாஃப்டை மாற்றினேன், கம்ப்யூட்டரில் என்ஜினின் சுற்று வரம்பை உயர்த்தினேன், நாலு ரொட்டையும் கழற்றிப் புது போல்ட் போட்டேன். விஜயதசமியன்று தெல்தோட்டைக் கோயிலில் எங்கள் மகளுக்கு ஏடு தொடக்கம். மஹய்யாவவில் எங்கள் வீட்டிலிருந்து அக்காவையும் மருமகளையும் அந்தக் காரில்தான் கூட்டிப்போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

முந்தின நாள் ஆயுத பூசை. காலையிலேயே கருவிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துத் தட்டில் அடுக்கிவிட்டேன். நடுவில் டோர்க் ரென்ச். போல்ட் சரியான இறுக்கத்துக்கு வந்ததும் 'டிக்' என்று சொல்கிற கருவி அது. பூசையில் வைத்ததை விஜயதசமி காலை வரை தொடக் கூடாது. காரில் நாலாவது ரொட் மட்டும் பாக்கி. பக்கத்து வெல்டிங் கடைக்கார மடவளை நானாவிடம் ஒரு ஸ்பேனரை இரவல் வாங்கிக் கை உணர்விலேயே முறுக்கி முடித்தேன். இரவல் ஸ்பேனருக்குச் சாமி கோபிக்காது என்று ஒரு கணக்கு. இருபது வருஷக் கைக்குத் தெரியாததா என்று ஒரு திமிர்.

மறுநாள் காலை, பூசைக் கருவிகளை எடுக்க நான் நின்றுகொண்டு, அவர்களை அனுப்பிவிட்டுக் கராஜைத் திறந்தேன். கற்பூரம் காட்டி ரென்ச்சை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தேன். அன்றைக்கு எடுத்த கருவியால் ஏதாவது ஒரு வேலை தொடங்கிவைக்க வேண்டும். மேசையில் கிடந்த கழிவு என்ஜினில் ஒரு ரொட் போல்ட்டை, நேற்று முறுக்கியது போலவே ஸ்பேனரால் முறுக்கினேன். பிறகு ரென்ச்சை வைத்துத் திருப்பினேன். டிக் வரவில்லை. இன்னும் திருப்பினேன். கிட்டத்தட்ட கால் சுற்றுப் போன பிறகுதான் வந்தது. இன்னொரு போல்ட்டிலும் அதே கதை.

மச்சினனுக்குப் போன் அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போய் வந்தேன். கடைசியில் மனைவியே எடுத்தாள்.

"வந்து சேந்துட்டோங்க. பாப்பா அரிசியில அழகா 'அ' எழுதிட்டா."

"கார் எப்படி?"

"பறக்குதுன்னு சொல்றான் தம்பி."

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். "மெதுவா வரச் சொல்லு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

தெல்தோட்டை மலை ஏற்றத்தையே தாங்கிய என்ஜின் திரும்பி வரும் இறக்கத்தில் என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மனது கேட்கவில்லை. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, சின்ன கியரில் காரைப் பிடித்து வந்தால், மேலிருந்து பிஸ்டனை அமுக்க எதுவும் இருக்காது. வெறும் இழுப்புத்தான். சனியனே, இதையும் ஊருக்கெல்லாம் சொன்னவன் நீதானே என்று என்னையே திட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். பேராதனை தாண்டியதும் எதிரே வந்த ஒவ்வொரு காரையும் அதுவா, அதுவா என்று பார்த்தேன்.

கலஹாவுக்கு மேலே ஒரு வளைவில், தார் ரோட்டில் எண்ணெய்க் கோடு. அதன் முடிவில் கார் பள்ளத்தோரக் கல்லில் முட்டி நின்றது. என்ஜின் பக்கத்தில் முஷ்டியளவு ஓட்டை. அதற்குள் முறிந்த ரொட் தெரிந்தது. மதகுக் கட்டில் மனைவியும், நெற்றியில் சந்தனத்தோடு மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கீறல் இல்லை. மகள் சர்க்கரைப் பொங்கல் தின்றுகொண்டிருந்தாள்.

மச்சினன் ஓடி வந்தான்.

"மன்னிச்சிருங்க மச்சான். நீங்க மெதுவா வரச் சொன்னீங்கன்னு ரெண்டாவது கியர்ல போட்டு இறக்குனேன். என்ஜின் கத்துச்சு, நான்தான் கவனிக்கல. நீங்க செஞ்சு குடுத்தத ஒரே நாள்ல கெடுத்துட்டேன்."

"நல்லா திட்டுங்க இவன," என்றாள் மனைவி.

திட்டியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான், அவளும் நம்பியிருப்பாள். ஒரு நிமிஷம் அந்த ஆசை எனக்கு வரத்தான் செய்தது. ஆனால் என் தப்புக்கு அவன் மன்னிப்புக் கேட்டு நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

"அவன் மேல தப்பில்ல. ரென்ச் பூசையில இருந்துச்சு. கையால முறுக்குனேன். அது பத்தாதுன்னு இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுச்சு."

மனைவி என்னைப் பார்த்தாள். "நான் போன்ல பேசுறப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் முந்தானையால் மகளின் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, ரொம்ப நேரம்.

"வாங்க, ரெண்டு பேரும் பைக்ல ஏறுங்க. வீட்டுக்குப் போவோம்," என்றேன்.

"வேணாங்க. நாங்க பஸ்ல வர்றோம்."

அந்த பைக்குக்கும் நான்தான் வேலை பார்த்திருந்தேன்.