காய்க்காத கருங்காலி

ஓமந்தையை விட்டு வேகமாக நடந்தேன். நான் வேலியடைக்கப் போன வீட்டு அக்கா போட்ட சோற்றையும் சாப்பிடவில்லை.

அவர் வீட்டு வளவில் ஒரு கருங்காலி மரம் நின்றது.

"வருசாவருசம் பூக்குது தம்பி, காயில்லை. மலடெண்டு சனம் சிரிக்குது. ஒரு விதை கிடைச்சா என்ர மனுசனை எரிச்ச இடத்தில நடுவன்."

பூக்கள் கொத்தாக இல்லாமல் தனித்தனியாக இருந்தன. காட்டு வேலையில் கற்றதை உடனே சொன்னேன்.

"மலடில்லை அக்கா, ஆண் மரம்தான் கொத்தாப் பூக்கும். இது பெண் மரம். பக்கத்தில ஆண் மரம் நிக்கோணும்."

"நிண்டது. அவரை எரிக்க விறகில்லாமல் நான்தான் வெட்டுவிச்சனான்."

மரத்துக்கு ஊற்றக் கொண்டுவந்த தண்ணீர் வாளியோடு அப்படியே நின்றார். நான் பேசாதிருந்திருந்தால், காய்க்குமென்று இன்றும் ஊற்றியிருப்பார்.

மறுநாள் காலை வவுனியாவில் மரம் அரிந்து விற்கும் மரக்காலையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

"மரங்களைப் பற்றித் தெரியுமோ?" என்று முதலாளி கேட்டார்.

"தெரியாது," என்றேன்.