பருந்து அடித்த ட்ரோன்

றஊபைப் பற்றி மன்னாரில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். அவனிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயமே அதுதான். என் மாமாவின் மகன். எனக்கு ஒரு வயது இளையவன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருவரும் சேர்ந்து கலியாண வீடியோக் கடை நடத்துகிறோம். கடை பொது, ட்ரோன் ஆளுக்கொன்று, பெயர் மட்டும் அவனுக்கு.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக எழும்பினால் நான் ட்ரோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன். அவன் அந்தக் காற்றிலும் கடற்கரையில் நின்று, ட்ரோனை ஆணி அடித்த மாதிரி வானத்தில் நிறுத்துவான். போன வருட வெள்ளத்தில் நானாட்டான் பக்கம் வயலுக்குள் அகப்பட்ட ஒரு குடும்பத்தை, புயல்காற்றுக்குள் பறக்கவிட்டுக் கண்டுபிடித்தான். மீட்க வந்த இராணுவ அதிகாரி ஒருவர் அதைப் பார்த்து அவன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். என் நம்பரைக் கேட்கவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன், முழங்கால் தண்ணீரில்.

பெப்ரவரியில் அழைப்பு வந்தது. மலைநாட்டில் இராணுவப் பயிற்சி. எதிரிகளாக நடிக்கும் சிப்பாய்கள் மலைமடிப்புகளில் ஒளிந்திருப்பார்களாம். மற்றவர்கள் ட்ரோன் விட்டு அவர்களை வேவு பார்க்க வேண்டுமாம். மலைக்காற்றில் ட்ரோனை அசையாமல் பிடிப்பது எப்படி என்று காட்ட றஊப் மூன்று நாள் போக வேண்டும். கடைக்கு வந்தவர்களெல்லாம் அவனுக்குக் கைகொடுத்தார்கள். வீட்டில் என் மனைவி நசீறா, "ஜீப் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போறாங்களாம், அவனுக்கு வந்த மதிப்பைப் பாருங்கோ" என்றாள். சோற்றுப் பீங்கானைத் தள்ளிவிட்டு எழும்பினேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் றஊப் என்னிடம் கேட்டான்.

"மச்சான், நீ நுவரெலியாவில கலியாணம் எடுத்தனீதானே. மலையில பறக்கவிடேக்க என்ன கவனிக்க வேணும்?"

எனக்கு விடை தெரியும். தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிடும். எவ்வளவு உயரத்தில் திரும்ப வேண்டும் என்பதை நாங்கள்தான் முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். மன்னாரில் எல்லோரும் நாற்பது மீட்டர் குறிப்போம். காற்றாலைப் பக்கம் போகாவிட்டால், பனையைத் தாண்டினாலே போதும். மூன்று வருடத்துக்கு முன் நுவரெலியாவிலும் அதே நாற்பதோடு பறக்கவிட்டேன். குறுக்கே ஒரு மலை வந்து தொடர்பை அறுத்தது. என் ட்ரோன் நாற்பது மீட்டருக்கு எழும்பி, நேராகத் திரும்பி, அந்த மலையிலேயே மோதி நொறுங்கியது. ஊரில் வந்து பருந்து அடித்துவிட்டது என்று சொன்னேன்.

"ஒண்டுமில்ல. இங்க மாதிரித்தான்" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். "சரி மச்சான், போயிட்டு வாறன்" என்றான். அடுத்த நாள் ஜீப் வந்தது.

அதிகாரிகள் வரிசையாக நின்று பார்க்க, அவனுடைய ட்ரோன் மலையில் போய் மோதுவதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. இரண்டாம் நாள் பொறுக்க முடியவில்லை. விழுந்துவிட்டதா என்று அறிய அவனுக்குக் கோல் எடுத்தேன். ஒரு தடவை மணி அடித்ததும் வெட்டிவிட்டேன்.

நான்காம் நாள் காலை றஊப் கடைக்குள் வந்து பெட்டியைத் திறந்து காட்டினான். ட்ரோனில் ஒரு கீறல்கூட இல்லை.

"தொடர்பு அறுகேல்லயா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தரம் அறுந்தது. முந்நூறு மீட்டர் குறிச்சு வச்சனான், மலைக்கு மேலால வந்திட்டுது."

"அப்பிடி வைக்கச் சொல்லி ஆர் சொன்னது?"

"உன்ர நுவரெலியாக் கலியாண வீடியோவை வெட்டி ஒட்டினது நான்தானே. ட்ரோன் அனுப்பின கடைசிப் படம் உன்ர ஃபோனிலயே கிடந்தது. பருந்து ஒண்டும் வரேல்ல மச்சான், மலைதான் வந்தது."

மூன்று வருடமாக இதை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மன்னாரே கூடிச் சிரித்திருக்கும். நான் மேசையில் கிடந்த வயர்களைச் சுற்றத் தொடங்கினேன்.

"உனக்குச் சொல்ல வெக்கமாயிருந்திருக்கும்" என்றான் றஊப். "பிறகு மனசு கேக்காமத்தானே ரெண்டாம் நாள் கோல் எடுத்தனீ?"

அவன் கேலி செய்யவில்லை.

"ஓம்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று தோளில் தட்டிவிட்டுப் பிளேன்டீ சொல்லப் போனான். அந்தப் பொய்யை நம்பிவிட்டான். எனக்கு அவனுடைய அந்த மனதின் மேலும் பொறாமையாக இருந்தது.