போனில் கேட்டு வரைந்த குழந்தை

ஷார்ஜா ரோலாவில் இருந்த டெலிபோன் பூத்துக்குள் நுழைந்தால் முதலில் வருவது வாடைதான். நமக்கு முன்னால் பேசிவிட்டுப் போனவரின் அத்தர், வியர்வை, சிகரெட்... எல்லாம் கலந்து முகத்தில் அடிக்கும். வெயில் காலத்தில் ரிசீவரைக் காதில் வைக்க முடியாது, சுடும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் முருகேசனோடு நானும் அந்த வரிசையில் போய் நிற்பேன்.

முருகேசன் என் ரூம்மேட். அரியலூர்ப் பக்கம். கட்டட சைட்டில் கார்பென்டர் வேலை. நான் அப்போது ஒரு ஸ்டேஷனரி கடையில் சேல்ஸ்மேன். மனைவி மாசமாக இருக்கும்போதே விமானம் ஏறி வந்தவர் அவர். பெண் குழந்தை பிறந்த செய்தி வந்ததும் ரூம் முழுக்க அல்வா கொடுத்தார். ஆனால் முகத்தைப் பார்க்க வழியில்லை. செல்போன் இல்லாத காலம். யாராவது லீவில் போய்த் திரும்பினால்தான் போட்டோ வரும்.

"பாய், கடையில சும்மா இருக்கறப்ப படம் போட்டுக்கிட்டு இருப்பீங்களே... எம் புள்ளைய வரைஞ்சு குடுங்க."

"பாக்காம எப்படி வரையறது முருகேசு?"

"நான் கேட்டுச் சொல்றேன். நீங்க போடுங்க."

சரி என்று ஆரம்பித்தேன். நான் பெரிய ஓவியன் எல்லாம் இல்லை. பழக்கடைப் பெட்டியில் இருக்கும் ஆப்பிளைப் பார்த்து வரைந்தால் அது ஆப்பிள் என்று தெரியும், அவ்வளவுதான்.

ஊரில் ஒரு மளிகைக் கடையில்தான் போன். அவர் மனைவி செல்வி குழந்தையோடு அங்கே வந்து காத்திருப்பார். இவர் இங்கிருந்து கேட்பார், நெத்தி அகலமா, மூக்கு யார் மாதிரி, முடி சுருட்டையா... முதலில் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பாம். அப்புறம் ஒரு வாரம் செல்வி சொன்னதை அப்படியே வந்து சொன்னார்.

"நீங்க கேட்டப்புறம்தான் பாத்தேங்கறா பாய். இடது காது மடல் லேசா மடங்கியிருக்காம். பெத்தவளே இத்தன நாளா பாக்கலையாம்!"

அழித்து, காதை மடக்கினேன். ரூமில் ஆளாளுக்கு ஒரு கருத்து. கன்னம் போதாது என்பார் ஒருவர். பச்சைக் குழந்தைக்கு ஏதய்யா இவ்வளவு புருவம் என்பார் இன்னொருவர். கண் வரைவது எனக்குக் கஷ்டம். அதனால் குழந்தை தூங்குகிற மாதிரி வரைந்து தப்பித்துக்கொண்டேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பூத்திலிருந்து வெளியே வந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். குழந்தைக்குக் காய்ச்சல். வலிப்பு வந்து திருச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். விசா கொடுத்த முதலாளி கஃபீலிடம் லீவு கேட்டுப் பார்த்தார். மாஃபி, கிடையாது, சைட் முடியட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

ரூமுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சுவரில் ஒட்டி வைத்திருந்த என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பாய்... கண்ணத் தொறந்து போடுங்க."

நான் படத்தை எடுத்து மூடிய கண்களை ரப்பரால் அழித்தேன். எனக்கு அந்தக் குழந்தை யாரோ. ஆனால் அந்தக் கண் சரியாக வரவேண்டுமே என்று அன்று பயந்ததுபோல் அதற்கு முன்பு எதற்கும் பயந்ததில்லை. ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சிறிதாகவும் வந்தது. அவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

குழந்தை பிழைத்துவிட்டது.

சில மாதம் கழித்துப் போட்டோ வந்தது. என் படத்துக்கும் அதற்கும் காது மடலைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை! ரூமே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும்தான்.

அந்தக் குழந்தை, சுகன்யா, இப்போது துபாயில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். விசிட்டில் வந்திருக்கும் அப்பாவைப் போன வாரம் ஷார்ஜாவில் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"பாய் மாமா, ஆபீஸ்ல இப்ப எல்லாமே ஏஐதான். சொன்னா போதும், படம் வந்துரும். நீங்க வரைஞ்சத ட்ரை பண்ணுவோமா?"

அப்பா சொல்லச் சொல்லப் போனில் டைப் அடித்தாள். நாங்கள் டீயை ஊதிக் குடிப்பதற்குள் குழந்தை வந்துவிட்டது. கண் இரண்டும் ஒரே அளவு. காது மடல்கூட மடங்கியிருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு நல்ல படம்.

முருகேசன் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. யாரு வூட்டுப் புள்ள?"

எனக்கு மெஷின் மேல் கோபம் இல்லை. ஆச்சரியம்தான். இது எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டதே, அப்புறம் எது குறைகிறது?

"நான் வரைஞ்சப்ப உங்க அப்பாகிட்ட கேள்வி கேட்டேன்மா. இது கேக்கலையே?" என்றேன்.

"இதுவும் கேக்கும் மாமா. கேக்கச் சொன்னா கேக்கும்."

யோசித்துப் பார்த்தேன். கேட்கும்தான். ஆனால் பதில் எப்படி இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அந்தக் காய்ச்சல் வாரத்தில் எனக்கு ஆனது... அதை அவளிடம் சொன்னேன். அவளுக்குப் படம் வரைந்தது தெரியும், இந்தக் காய்ச்சல் கதை தெரியாது. அப்பா சொன்னதே இல்லையாம்.

அப்பா கையிலிருந்த போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு என் பேரனின் பென்சிலையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்தாள்.

"அப்பா, ஆடாம உக்காருங்க."

"உனக்கு வரைய வருமா?"

"வராது."

அன்று எங்களுக்கு வேறு வழி இல்லை, அதனால் வரைந்தோம். இவளுக்குக் கையிலேயே எல்லா வழியும் இருக்கிறது. ஆனாலும் நாக்கைக் கடித்துக்கொண்டு கோடு இழுத்தாள், அழித்தாள், நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி இழுத்தாள். மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. அப்பாவை இவ்வளவு நேரம் அவள் உற்றுப் பார்த்திருப்பாளா என்று தெரியவில்லை.

திடீரென்று பென்சில் நின்றது.

"அப்பா... புருவத்துல இந்த வெட்டு எப்பப் பட்டது?"

முருகேசன் புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அதுவா... இங்க வந்த புதுசுல, சைட்ல..." என்று ஆரம்பித்தார்.