கண்டக்டரின் டம்ளர்

உள்ளறையிலிருந்து 'டக்' என்று ஒரு தட்டு கேட்டது.

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கணவர் முப்பது வருடம் பஸ் கண்டக்டர். பக்கவாதம் பேச்சைப் பறித்துக்கொண்ட இந்த எட்டு மாதமாகக் கட்டில் கம்பியில் டம்ளரால் தட்டுவதுதான் அவர் பாஷை. எல்லாம் விசில் கணக்கு; தெருவுக்கே தெரியும். ஒரு தட்டு என்றால் 'நில்லு, இல்லை.' இரண்டு என்றால் 'போலாம், ஆமாம்.'

"ஒரு குறையும் இல்லைன்னீங்க. உள்ளேருந்து இல்லைங்கிறாரே?" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர். சுகாதார நிலையத்தின் மக்கள் குழுவுக்காகக் கருத்துப் படிவத்தோடு வந்திருந்தார். கை கால் பயிற்சிக்கு ஒரு மாதமாக வராதவர்களின் பெயரை எடுத்துவிடலாமா என்று நாளைக்குக் கூட்டம்.

"அவருக்கு மனசு விட்டுப்போச்சுண்ணே. கூப்பிட்டா வரமாட்டேங்கிறார். நான் போய்க் குறை சொல்லி, இருக்கிறதும் போயிட்டா?"

'டக்!'

தபால்காரர் எழுந்து உள்ளே போனார். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கண்டக்டர் சார், உங்க பஸ் பின்னாடி எத்தனை நாள் ஓடியிருப்பேன்! ஒரு நாளாவது ஒத்தை விசில் கொடுத்தீங்களா?"

கண்டக்டரின் பாதி முகம் சிரித்தது.

"சரி, சொல்லுங்க. பயிற்சி அலுத்துப் போச்சா?"

டக்.

"வலிக்குதா?"

டக்.

"மாடிப்படியா?"

டக் டக்.

பயிற்சி அறை முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. இருபத்திரண்டு படியும் தையல்காரிதான் அவரைத் தோளில் தாங்கி ஏற்றுவாள்.

"விழுந்துடுவோம்னு பயமா?"

டக்.

தபால்காரர் திரும்பிப் பார்த்தார். இடுப்பில் கை வைத்தபடி அவள் நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"தங்கச்சி இடுப்பு ஒடியுதேன்னா?"

டக் டக். டக் டக். டக் டக். டம்ளர் ஓயவேயில்லை.

தண்ணீர் வேண்டுமா, தலையணை வேண்டுமா என்பதற்கு மேல் எட்டு மாதத்தில் அவரிடம் அவள் எதைக் கேட்டாள்? ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை கேட்டதும், படுத்த படுக்கையிலிருந்து மலை மாதிரி ஒரு மனசு எழுந்து நிற்கிறதே!

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதுங்கண்ணே. பயிற்சி அறை கீழே வரணும். அதுவரைக்கும் யார் பேரையும் எடுக்கக் கூடாது."

"யார் சொன்னதா எழுத?"

"அவர் சொன்னதா."

டக் டக்.

"நாளைக்குக் கூட்டத்துல நானே படிச்சுடறேன்."

"வேணாம்ணே. கூட்டம் கீழ்த்தளத்துலதானே? நாங்களே வர்றோம், டம்ளரோட."

தபால்காரர் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு குரல் கொடுத்தார்: "கண்டக்டர் சார், கிளம்பலாமா?"

டக் டக்.

"ரைட்!" என்று அவர் தெருவில் இறங்க, தையல்காரி கதவைச் சாத்தினாள்.