ஏழாவது உத்திரம்

காதர் பாய் காலமாகிவிட்டார் என்று அவர் மகன் போன் செய்தபோது, பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஓட்டலில் தெர்மோகோல் உத்திரங்களுக்குத் தேக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் தாங்காத, அழகுக்கு ஒட்டுகிற உத்திரங்கள். "சரி தம்பி, வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

உள் அலங்காரத்தை நான் வரைவேன், மரவேலை அவருடையது. பதினெட்டு வருடம் இப்படியே போயிற்று. பழைய வீடுகளின் பொய்க்கூரையைப் பிரித்து, உத்திரங்களை விரல் முட்டியால் தட்டித் தட்டி, உள்ளே இத்திருக்கிறதா என்று சத்தம் கேட்பார். அவருக்கு ஏணி பிடித்தவர்களுக்கு இது தெரியும். ஒட்டு உத்திரம் மட்டும் செய்யவே மாட்டார். "சும்மா ஒட்டிகினு கீறதுக்குப் பேரு உத்திரமா சார்? நான் இன்னா சினிமா செட்டா போடறேன்?" என்பார். அந்த வேலைகளுக்கு வேறு ஆள் தேடி அலுத்துப்போனேன்.

நாலு வருடம் முன்பு ராயபுரத்தில் என் வீட்டு ஹால் கூரையையே பிரித்தோம். ஏழு உத்திரங்கள். ஏழாவதன் முனை சுவருக்குள் இத்துப்போயிருந்தது.

"இத்த எட்த்துட்டு இரும்பு போட்டுரலாம் சார். கீய தெனம் உங்க பொண்ணு படுத்துக்குது" என்றார்.

ஏழும் பர்மா தேக்கு என்று ஊர் முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தேன். இரும்பைக் கொண்டுவந்து என் ஹாலைக் கெடுக்காதீர்கள் என்று ஆட்கள் முன்னால் கத்திவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "செரி சார், நான் பாத்துக்கறேன்" என்றார். வேலை முடியும்வரை திருவொற்றியூரில் மாமியார் வீட்டில் இருந்தோம். திரும்பி வந்தபோது ஏழும் பளபளவென்று இருந்தன. கத்தியதற்கு நான் கடைசிவரை வருத்தம் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். ஒரே அசதி. ஹாலில் சாய்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப்போல ஒருமுறை தட்டிப் பார்க்கலாம் என்று தோன்ற, ஏணியைப் போட்டு ஏறினேன். ஆறும் 'தொக் தொக்' என்றன. ஏழாவது 'டங்' என்றது.

இரும்பு. அதன்மேல் ரேகை ரேகையாகத் தேக்கைத் தீட்டியிருந்தார். ஒரு கணுகூட வரைந்திருந்தார். எத்தனை விருந்தாளிகளுக்கு அந்தக் கணுவைக் காட்டியிருக்கிறேன்!

"இன்னாப்பா சத்தம்?" என்று கீழேயிருந்து மகள் கேட்டாள். ஏணியிலேயே நின்று அழுதேன்.

சினிமா செட்டு போடமாட்டேன் என்றவர், என் மகளுக்காக ஒன்று போட்டுவிட்டு, என்னிடம் வாயே திறக்காமல் போய்விட்டார். அதுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. இனி வீட்டுக்கு யார் வந்தாலும் சரியாகவே சொல்வேன்: ஆறு பர்மா தேக்கு, ஒன்று காதர் பாய்.