ஓணான் டீச்சர்

வெயில் ஏறுவதற்குள் கம்பிவேலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். ஓணான் டீச்சர் தலையில் துண்டைப் போட்டு, அதன்மேல் தொப்பியை அழுத்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே நடக்கிறார். தோளில் ஒரு துணிப்பை. வேலிக்கு உள்ளே, முன்பு வெறும் பாலையாகக் கிடந்த நிலத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் சோலார் தகடுகள் சாய்ந்து நிற்கின்றன. அவற்றை அவர் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அவர் தேடுவது, வேலியின் அடியில் மணலில் வால் இழுபட்ட தடத்தை.

தடம் இருந்தால் ஓணானும் பக்கத்தில்தான் இருக்கும். ஊர் வேலியில் ஓடும் ஓணான் இல்லை இது, பாலையில் பொந்து தோண்டி வாழும் முள்வால் ஓணான். முழங்கை நீளம், தடித்த உடம்பு, வளையம் வளையமாக முள் அடுக்கிய வால். கம்பியில் மூக்கை வைத்து முட்டும். வழியில்லையென்றால் நாலடி தள்ளிப்போய் மறுபடி முட்டும். "எங்க போற? அதான் வழியே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே கழுத்துக்குப் பின்னால் பிடித்துத் தூக்குவார். அது வாலைச் சுழற்றி மணிக்கட்டில் ஒரு போடு போடும். இரண்டு கையிலும் கோடுகோடாகத் தழும்பு. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் "பூனை வளர்க்கறீங்களா?" என்று கேட்பதுண்டு. "ஆமா, கொஞ்சம் முரட்டுப் பூனை" என்பார்.

கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர். விடுமுறை விட்டால் வருஷம் தவறாமல் இந்த நிலத்துக்கு வந்துவிடுவார். கல்யாணம் காட்சி என்று ஒன்றுக்கும் போனதில்லை. ஓணானைப் பற்றி வாயைக் கிளறினால் போதும்.

"தண்ணியைத் தேடியே போகாது. திங்கற இலையில இருக்கற ஈரம் போதும் அதுக்கு. காலைல வெளிய வரும்போது கரிக்கட்டை மாதிரி இருக்கும், சூடு ஏற ஏற வெளுத்துடும். பொழுது சாஞ்சா உள்ள போயி, நாம கதவைச் சாத்தற மாதிரி மண்ணைத் தள்ளி வாசலை அடைச்சுக்கும். ஒரு பொந்துக்கு ஒரு ஆள்தான். குஞ்சுங்க மட்டும் மொதல் குளிர் முடியற வரைக்கும் அம்மாகூட இருக்கும்."

நிலம் மின்நிலையத்துக்குப் போனபோது, ஓணான்களைப் பிடித்து வேறிடத்தில் விடும் வேலைக்கு நிறுவனம் அவரைத்தான் கூப்பிட்டது. "நான் மாட்டேன்னா மெஷினை மேல ஏத்திடுவாங்கடி" என்றார் தங்கையிடம்.

பிடிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. பொந்துக்குள் கை வந்ததும் ஓணான் உடம்பை ஊதிச் சுவரோடு இறுகிக்கொள்ளும். இழுத்தால் தோல் கிழியும். தோள்வரை கையை மண்ணுக்குள் விட்டுக் குப்புறப் படுத்து, அது மூச்சு விட்டுத் தளரும்வரை காத்துக் கிடப்பார். அப்படி ஒவ்வொன்றாக எடுத்து, மலையடிவாரத்தில் நல்ல புதராகப் பார்த்து, தன் கையாலேயே பொந்து தோண்டிக் கொடுத்து விட்டார்.

ஒன்றுகூட அங்கே தங்கவில்லை. தோண்டிக் கொடுத்த பொந்துகளில் சிலந்தி வலை கட்டியது. ஒண்ட இடமில்லாமல் வெட்டவெளியில் அலைந்தவற்றைப் பருந்து தூக்கிப் போயிற்று. தப்பியவை பழைய இடத்தைத் தேடி வந்தன. வந்தால் வேலி. கம்பியோரமாகவே நடந்து நடந்து, உச்சி வெயிலில் விறைத்துப் போயின. அவற்றையும் அதே பையில்தான் பொறுக்கிப் போட்டுக்கொள்கிறார்.

ஒப்பந்தம் முடிந்து மாதக்கணக்காகிறது. டீச்சர் போகவில்லை.

"வேலில போற ஓணானை எடுத்து மடில விட்டுக்கறதுன்னு சொல்லுவாங்க. அதையே உத்தியோகமா வச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தான்" என்றார் வாயில் காவலாளி.

"உத்தியோகம் எப்பவோ போயாச்சுண்ணா."

தங்கை தினமும் போன் செய்கிறாள். "எல்லாம் முடிஞ்சு போச்சேக்கா. இன்னும் அங்க என்ன பண்றே?"

"இன்னும் மூணு நாலு இருக்குடி."

"இருந்து?"

டீச்சர் போனை அணைக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். பைக்குள்ளிருந்து "அக்கா, அக்கா" என்று கொஞ்சதூரம் கேட்டுக்கொண்டிருந்தது.

போன வாரம் ஒரு காலையில், வாயிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டை ஓணான் கம்பியில் முட்டிக்கொண்டிருந்தது. பின்னங்காலில் ஒரு விரல் கிடையாது. டீச்சருக்குப் பல வருஷப் பழக்கம். மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட விடத் திரும்பி வந்தது. இப்போது வயிறு ஒட்டி, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பையைத் திறந்த டீச்சர் அப்படியே நின்றார்.

"அண்ணா, கதவைக் கொஞ்சம் திறங்க."

"மேல தெரிஞ்சா என் வேலை போயிடும் டீச்சர்."

"அது வீட்டை ஒரு தடவை பாத்துட்டு வரட்டும்."

காவலாளி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திறந்தார்.

டீச்சர் எடுத்து உள்ளே இறக்கி விட்டதும் அது தயங்கவே இல்லை. கயிறு கட்டி இழுத்ததுபோல் தகடு வரிசைகளுக்கு அடியில் நேராக ஓடியது. டீச்சர் குனிந்து குனிந்து பின்னால் போனார். காவலாளியும் போனார். வரிசைகள் முடிந்த திறந்தவெளியில், ஏதோ இயந்திரம் வைக்கப் போட்டிருந்த கான்கிரீட் தளத்தின்மேல் ஏறி, நடுவில் நின்றது. நாக்கை நீட்டித் தரையைத் தொட்டது. பிறகு முன்னங்கால்களால் பறிக்க ஆரம்பித்தது. கான்கிரீட்டில் நகம் கீறும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பறிக்கும், ஓய்ந்து நிற்கும், மறுபடி அதே இடத்தில் பறிக்கும்.

"சுத்தி மண்ணுதானே கெடக்கு. வேற பக்கம் தோண்டக் கூடாதா?" என்றார் காவலாளி.

"தோண்டாதுண்ணா."

வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. தளம் சுட ஆரம்பித்திருந்தது. அதைத் தூக்க டீச்சருக்குக் கை வரவில்லை. சூரியன் இருக்கும் பக்கமாகப் போய், தன் நிழல் அதன்மேல் விழும்படி, கான்கிரீட்டிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.