வேண்டாம் என்பதை எழுதுவது

திருப்பதியில், அலிபிரிப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். வரன் தேடும் செயலி ஒன்றுக்குத் தமிழ் வாசகங்கள் எழுதுவது என் வேலை. எந்தப் பொத்தானில் என்ன சொல் வர வேண்டும், ஏமாற்றமான செய்தியை எந்தத் தொனியில் சொல்ல வேண்டும், எல்லாம் என் தலையில். எனக்கோ நாற்பது நெருங்குகிறது, கல்யாணம் ஆகவில்லை. அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

போன மாதம் சித்தூரில் அக்கா வீட்டில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பாகாலாவில் பள்ளி ஆசிரியர், மனைவியை இழந்தவர். அதிகம் பேசவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. கிளம்பும்போது அவருடைய அம்மா என் கன்னத்தைத் தொட்டு, "வீட்ல பேசிட்டு சொல்றோம்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் கைப்பேசி அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தேன்.

அப்போதுதான், ஒரு தரப்பு மறுத்தால் மறுதரப்புக்குப் போக வேண்டிய வாசகத்தை எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'விருப்பமில்லை' என்று முகத்தில் அடித்த மாதிரி எழுத மனம் வரவில்லை. நம் வீடுகளில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? 'வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம்' என்றே போட்டேன். மரியாதையாக இருக்கிறது என்றார் மேலாளர்.

முதலில் சிலருக்கு மட்டும் அதை அனுப்பிப் பார்த்தோம். பிறகு, கங்காதர நெல்லூரில் மகளுக்கு வரன் தேடும் ஒருவரிடம் போனில் விசாரித்தேன்.

"சொல்றோம்னு போட்டுக்குதும்மா. அதான் வேற எடம் பாக்காம உக்காந்துக்கினு இருக்கோம். பொண்ணு தெனம் கேக்குது" என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அது மறுப்புதான் என்பதை அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு, வாசகத்தை மாற்றினேன்: 'இந்த வரனை அவர்கள் ஏற்கவில்லை. நீங்கள் வேறு வரன் பார்க்கலாம்.' மரியாதை குறைந்தால் குறையட்டும்.

அன்று மாலையே பாகாலாக்காரருக்குப் போன் போட்டேன். "வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் காத்துக்கினு இருக்கேன்" என்றேன்.

அவர், "நீங்களே புரிஞ்சிக்கினு இருப்பீங்கன்னு நெனச்சோம்ங்க. போன வாரம் வேற எடத்துல முடிவாயிடுச்சி" என்றார்.

நல்லா இருங்க என்று சொல்லிப் போனை வைத்தேன். குரல் உடையவில்லை. வைத்த பிறகுதான் அழுகை வந்தது. அந்த அறையில் அதைக் கேட்க யாரும் இல்லை.

முகம் கழுவிக்கொண்டு வரும்போது அக்கா கூப்பிட்டாள். "அவங்க ஏதாச்சும் சொன்னாங்களாடி?" என்றாள்.

"இன்னும் இல்லக்கா" என்றேன்.